பூங்கொத்தோடு வரும் அந்தப் பொட்டலம்: ஒரு விமர்சனம்

பூங்கொத்து வாங்கினால் காம்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பொட்டலம் ரப்பர் பேண்டில் சிக்கிக்கொண்டு வரும். உள்ளே வெள்ளையாக ஒரு தூள். சிலர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிறார்கள். சிலர் ஜாடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் அப்படியே கொட்டுகிறார்கள். இந்த இரண்டில் குப்பையில் போடுவது எவ்வளவோ மேல். ஏன் என்று பிறகு சொல்கிறேன். தீர்ப்பை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோஜாவுக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறது. கார்னேஷனுக்கு அரைகுறை. சாமந்திக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஜெர்பராவுக்குத் தேவையே வேறு.

நான் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.எச். தாள், அளவுக் குவளை, சொட்டுக்குழாய் எல்லாம் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. என் மனைவி அலுவலக வரவேற்பறைகளுக்குப் பூ அடுக்கிக் கொடுக்கும் வேலை செய்கிறார். அடுக்கியது போக மிஞ்சுவது வீட்டுக்கு வரும். ஆக, சோதனைக்குப் பூவும் உண்டு, கருவியும் உண்டு, "ஏங்க, அந்த ஜாடியைத் தொடாதீங்க, அது நாளைக்குப் போகணும்" என்று தடுக்க ஆளும் உண்டு.

எந்த நிறுவனத்தின் பொட்டலம் என்று சொல்லப்போவதில்லை. என் கைக்கு வந்தவை எல்லாம் ஒரே குடும்பம்தான். உள்ளே முக்கியமாக மூன்று பொருட்கள். குளுக்கோஸோ சுக்ரோஸோ ஏதாவது ஒரு சர்க்கரை. தண்ணீரைப் புளிப்பாக்க ஒரு அமிலம், பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். பாக்டீரியாவை அடக்க ஒரு கிருமிநாசினி. சிலவற்றில் அலுமினியம் சல்பேட் இருக்கும். சிலவற்றில் தண்ணீர் காம்புக்குள் எளிதாக ஏற உதவும் நனைப்பானும் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

சர்க்கரை எதற்கு? செடியில் இருக்கும்போது பூவுக்கு இலைகள் சமைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வெட்டிய பிறகு அந்த வரத்து நின்றுவிடுகிறது. காம்பில் நாலு இலை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அறைக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் அவை பெரிதாக எதையும் தயாரிப்பதில்லை. ஆனால் பூ மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை, அறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாகவே விடும். மொட்டு விரிவதற்கும் சர்க்கரை வேண்டும். இதழின் செல்கள் அதை உள்ளே சேர்த்துக்கொண்டு, அதன் இழுப்பில் தண்ணீரை வாங்கித்தான் பெரிதாகின்றன. வெறும் தண்ணீரில் வைத்த ரோஜா மொட்டு பாதி விரிந்த நிலையிலேயே சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

அமிலத்தின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. புளிப்பான தண்ணீர் காம்பின் நீர்க்குழாய்களில் நன்றாக ஏறுகிறது, பாக்டீரியாவும் அதில் மெதுவாகத்தான் பெருகும். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 3-லிருந்து 4.5 வரை இருந்தால் நல்லது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நான் தாளை நனைத்துப் பார்த்தேன். வடிகட்டிய தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்ததும் தாளின் நிறம் 4-ஐ ஒட்டி வந்து நின்றது. அதே பொட்டலத்தை உப்புக் கரிக்கும் ஆழ்துளைத் தண்ணீரில் கரைத்தபோது நிறம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கடின நீரில் இருக்கும் பைகார்பனேட், போடுகிற அமிலத்தைத் தின்றுவிடுகிறது. ஆக, பக்கத்து வீட்டில் அற்புதமாக வேலை செய்த பொட்டலம் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். கடின நீரை மென்மையாக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் அந்தச் சோடியம் ஆகாது. பூவுக்கு மட்டும் அந்த இயந்திரத்துக்கு முந்திய குழாயில் தண்ணீர் பிடியுங்கள்.

இனி கிருமிநாசினி. என்னைக் கேட்டால் பொட்டலத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. காம்பை வெட்டியதுமே வெட்டு வாயிலிருந்து சாறு கசிகிறது. பாக்டீரியாவுக்கு அது விருந்து. பெருகிய பாக்டீரியாவும் அது சுரக்கும் பிசுபிசுப்பும் சேர்ந்து நீர்க்குழாயின் வாயை அடைத்துவிடும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் வௌட்டர் வான் டூர்ன் என்ற தாவர உடலியலாளர், கொய்மலர்களுக்குள் தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்பதையே வருடக்கணக்கில் ஆராய்ந்தார். பாக்டீரியா ஒரு தடை. வெட்டும்போது குழாய்க்குள் இழுக்கப்படும் காற்று இன்னொரு தடை. காயத்தை மூடுவதற்காகச் செடியே செய்யும் வேலை மூன்றாவது. ரோஜா வாங்கி வந்த கொஞ்ச நேரத்தில், இதழ் எல்லாம் புத்தம்புதிதாக இருக்கும்போதே தலை மட்டும் கழுத்தை மடித்துத் தொங்குமே, அதற்கு வயதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவோம். அதற்கு வந்தது தாகம், அவ்வளவுதான். தண்ணீருக்குள் முக்கியபடியே காம்பின் நுனியை ஓரங்குலம் வெட்டி, முழு உடலையும் கொஞ்ச நேரம் தண்ணீரில் கிடத்தினால் பல சமயம் தலையை நிமிர்த்திக்கொள்ளும். என் மனைவிக்கு இது எப்போதோ தெரியும். காரணத்தை நான்தான் சொன்னேன் என்று ஒரு பெருமை எனக்கு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருப்பார்களோ, அந்த அளவு மிக முக்கியம். அரை லிட்டருக்கான பொட்டலத்தைப் பெரிய ஜாடியில் இரண்டு லிட்டர் தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும்? சர்க்கரை நீர்த்துப்போனாலும் பாக்டீரியாவுக்குப் போதும். கிருமிநாசினி நீர்த்துப்போனால் பாக்டீரியாவை அடக்கப் போதாது. அதாவது, கிருமிக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வெறும் தண்ணீரைவிட இது மோசம். தண்ணீர் சீக்கிரமே கலங்கும், நாற்றமும் வரும். 'இந்தப் பொட்டலம் எல்லாம் ஏமாற்று வேலை' என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஜாடிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதுதான். அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை.

அதிகமாகப் போட்டாலும் வம்புதான். ரோஜாவின் இதழ் தாங்குகிற சர்க்கரையை அதன் இலை தாங்காது, ஓரம் கருகும். ஜாடியில் நாள் முழுக்க நிற்கும் தண்ணீருக்கு ஒன்றிரண்டு சதவீதம் சர்க்கரை போதும். பூப்பண்ணைகளில் கிளாடியோலஸுக்கு 20 சதவீதம் வரைகூடக் கொடுப்பார்கள், ஆனால் அது சில மணி நேரம் மட்டும் உறிஞ்ச வைத்துவிட்டு எடுத்துவிடும் முறை. அந்த எண்ணை எங்கோ படித்துவிட்டு வீட்டு ஜாடியில் செய்து பார்க்காதீர்கள்.

சரி, ரோஜாவில் என்ன பார்த்தேன்? ஒரே கட்டிலிருந்து பிரித்த சிவப்பு ரோஜாக்கள். ஒரு ஜாடியில் அளந்து கலந்த தூள். இன்னொன்றில் வெறும் தண்ணீர், ஆனால் தினமும் மாற்றி, காம்பையும் நறுக்கினேன். சும்மா விட்டுவிட்ட அழுக்குத் தண்ணீரோடு பொட்டலத்தைப் போட்டிக்கு விடுவது நியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பூ நிமிர்ந்து நின்ற காலத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே நான் எதிர்பார்த்த அளவு இடைவெளி இல்லை. தினமும் மாற்றும் தண்ணீரும் நல்ல வைத்தியம்தான். வித்தியாசம் விரிவதிலும் நிறத்திலும் இருந்தது. தூள் போட்ட ஜாடியில் மொட்டு முழுசாக விரிந்தது. சிவப்பும் சிவப்பாகவே நின்றது. வெறும் தண்ணீரில் இருந்த பூக்களின் ஓரத்தில் ஒரு நீலச் சாயல் ஏறியது, பழைய மையைப் போல.

அந்த நீலத்துக்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்ததும் இதழ் தன் புரதத்தையே உடைத்துத் தின்னத் தொடங்குகிறது. அதில் அம்மோனியா வெளிப்படுகிறது, செல்லின் சாறு காரப் பக்கம் நகர்கிறது, சிவப்பு நிறமி நீலம் பாய்கிறது. நாற்பது மாணவர்களுக்கு லிட்மஸ் தாளைக் கிழித்துக் கொடுத்தவனுக்கு, ஒரு ரோஜா தானாகவே லிட்மஸாக மாறுவதைப் பார்ப்பது தனி சந்தோஷம். மனைவிக்கு அந்தப் பூ விற்க முடியாத பூ. அவ்வளவுதான்.

கார்னேஷனுக்கு வருவோம். இங்கேதான் பொட்டலத்தின் எல்லை தெரிகிறது. கார்னேஷன் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை, பசியாலும் சாவதில்லை. தானே உற்பத்தி செய்யும் எத்திலீன் வாயுவால் சாகிறது. இதழ்கள் உள்பக்கம் சுருண்டு, பூ தூங்கப் போவதுபோல மூடிக்கொள்ளும். சுருள ஆரம்பித்த பிறகு எந்தத் தூளைக் கொட்டினாலும் திரும்பாது. சர்க்கரை அந்தத் தருணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அதனால்தான் அரைகுறை என்றேன்.

இதைக் கண்டுபிடித்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. தெருவிலும் வீட்டிலும் விளக்குக்கு நிலக்கரி வாயு குழாயில் ஓடிய காலம். 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற இளைஞர், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி முளைகள் மேலே வளராமல் பக்கவாட்டில் படர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் சரியாக வளர்ந்தன. விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார். 1908-இல் சிகாகோவில் குரோக்கர், நைட் என்ற இருவர் கார்னேஷன் பூக்களை எடுத்துக்கொண்டு அளவே பார்த்துவிட்டார்கள். காற்றில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் 12 மணி நேரம் இருந்தால் போதும், விரிந்த கார்னேஷன் மூடிக்கொள்ளும். அன்றைக்கு இவ்வளவு நுணுக்கமாக வாயுவை அளக்கும் கருவி கிடையாது. அந்தப் பூதான் கருவி. 1934-இல் இங்கிலாந்தில் கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று நிரூபித்தார். பழக்கூடைக்குப் பக்கத்தில் பூச்சாடி வைக்காதே என்பதற்கு அடிப்படை இதுதான். செடிக்குள் அது உருவாகும் பாதை, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி ஏ.சி.சி. என்ற இடைப்பொருள் வழியாகப் போகிறது என்பதை ஆடம்ஸும் யாங்கும் 1979-இல் கலிபோர்னியாவின் டேவிஸில் முடித்துக் காட்டினார்கள்.

பாதை தெரிந்தால் மறிக்கலாம் அல்லவா. ஆனால் மறிக்கும் மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 1976-இல் பேயர் என்ற ஆராய்ச்சியாளர், வெள்ளி அயனி எத்திலீனின் வேலையைத் தடுப்பதைக் கண்டார். செடியில் எத்திலீனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் ஒரு தாமிர அயனி உண்டு, அந்த இடத்தில் வெள்ளி போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது பிறகு தெரியவந்த விளக்கம். ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளி நைட்ரேட் காம்பில் ஏறாது. நேர்மின் சுமை கொண்ட வெள்ளி, எதிர்மின் சுமை கொண்ட குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடியிலேயே நின்றுவிடும். 1978-இல் நெதர்லாந்தில் வேன், வான் டி கெய்ன் என்ற இருவர், வெள்ளியைத் தயோசல்பேட்டோடு கூட்டுச் சேர்த்தால் அந்தக் கூட்டு எதிர்மின் சுமையோடு சுவரில் ஒட்டாமல் விறுவிறுவென்று பூவரை ஏறுவதைக் காட்டினார்கள். வெள்ளி தயோசல்பேட் கொஞ்ச நேரம் உறிஞ்சிய கார்னேஷன் சுருளாமல், பல நாள் நின்று, கடைசியில் மெதுவாகக் காய்ந்துதான் போகும்.

வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டுக் கறுத்த தழும்போடு எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையைப் படித்தபோது பழைய நண்பனைப் பற்றிய செய்தியைப் படித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வீட்டில் இதைக் கலக்காதீர்கள். வெள்ளி ஒரு கனஉலோகம், மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. அளவு கொஞ்சம் மிஞ்சினால் இதழே கருகும். இது பண்ணையில், வெட்டியவுடன், கணக்குத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

வெள்ளிக்கு மாற்றாக வந்தது 1-எம்.சி.பி. என்ற வாயு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் இருவரும் 1990-களில் கண்டது. முதலில் அவர்கள் கையாண்ட பொருள் வெளிச்சம் பட்டதும் சிதைந்தது. சிதைவில் பிறந்த ஏதோ ஒன்றுதான் எத்திலீனைத் தடுக்கிறது என்று தேடிக்கொண்டே போய் இந்தச் சின்ன மூலக்கூற்றில் நின்றார்கள். எத்திலீன் உட்காரும் ஏற்பியில் இது போய்க் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நூறு கோடியில் சில நூறு பங்கு இருந்தால் போதும். மூடிய அறையில் சில மணி நேரம் பூக்களை இந்த வாயுவில் வைத்து எடுப்பார்கள். செடி புதிதாக ஏற்பிகளை உண்டாக்கிக்கொண்டால் பாதுகாப்பு கரைந்துவிடும் என்பது இதன் பலவீனம். உலோகமே இல்லை என்பது பலம். திறந்த அறையில் ஒரு பயனும் இல்லாததால் வீட்டுப் பொட்டலமாக இது வருவதற்கு வழியே இல்லை.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை. கார்னேஷன் கட்டை வாங்கும்போது அது பண்ணையில் எத்திலீன் தடுப்பு பெற்றதா இல்லையா என்பதை யாரும் சொல்வதில்லை. ஒருமுறை ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வந்த இரண்டு கட்டுகளை ஒரே கரைசலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ஒன்று நிமிர்ந்து நின்றது, இன்னொன்று அடுத்தடுத்த நாளே சுருண்டது. வியாபாரியிடம் மனைவி கேட்டதற்கு, "நீங்க ஏதோ தண்ணி சரியா வைக்கலம்மா" என்று பதில். தூளில் இருந்து தண்ணீர் வரை எல்லாம் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வரும்? கட்டில் ஒரு சீட்டு ஒட்டி, எந்தத் தேதியில் வெட்டியது, என்ன பதப்படுத்தல் கொடுத்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். பொட்டலத்தை விமர்சிக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டால் பழி முழுவதும் அந்த அப்பாவித் தூளின் மேல் விழும்.

பூங்கொத்தோடு கூடவே வரும் இன்னொரு சரக்கு, எத்திலீன் உறிஞ்சும் சின்னப் பை. உள்ளே ஊதா நிற மணிகள் இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய மணிகள் அவை. எத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது ஊதா போய்ப் பழுப்பாகும். வேதியியல் சரியானது. மூடிய பெட்டியில், நீண்ட பயணத்தில், உண்மையிலேயே உதவும். வரவேற்பறை மேசையில், காற்றாடி சுழல்கிற இடத்தில், பூச்சாடிக்குப் பக்கத்தில் இதை வைப்பது வீண். மணி எத்திலீனைப் பிடிக்கும் முன்பே பூ அதை உணர்ந்திருக்கும். என் மதிப்பெண் பூஜ்யம், பெட்டிக்குள் என்றால் நல்ல மதிப்பெண்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வாடுவது என்ற விஷயத்தையே வேறு கோணத்தில் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜப்பானின் சுகுபாவில் தேசிய வேளாண் மற்றும் உணவு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த கென்இச்சி ஷிபுயா என்பவரின் குழு, 2014-இல் ஜப்பானிய மார்னிங் குளோரி என்ற காலைப்பூக் கொடியில் ஒரு மரபணுவைக் கண்டது. அதற்கு எபிமெரல்1 என்று பெயர். காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும் இனம் அது. அந்த மரபணுவை அடக்கிய கொடியில் பூ ஏறத்தாழ 24 மணி நேரம் நின்றது. சாதாரணப் பூ சுமார் 13 மணி நேரத்தில் வாடத் தொடங்கியது. அதனால் ஒரே கொடியில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் சேர்ந்து விரிந்திருக்கும் காட்சி கிடைத்தது. பூ வாடுவது தானாக நடக்கும் தேய்மானம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இதழின் செல்கள் ஒரு உத்தரவின்படி தங்களையே பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கும் சத்தைச் செடிக்குத் திருப்பி அனுப்புகின்றன. அந்த உத்தரவைக் கொடுக்கும் அதிகாரிகளில் எபிமெரல்1 ஒன்று. "வாடறதுக்குக்கூட ஒரு ஜீனா?" என்றார் மனைவி. "ஆமா, வாடறது அவ்வளவு வேலை பிடிக்கிற காரியம்" என்றேன்.

இந்த ஆராய்ச்சியில் நான் அக்கறை காட்டுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. லில்லி, துலிப், ஐரிஸ் போன்றவை வாடுவதில் எத்திலீனுக்குப் பெரிய பங்கு இல்லை. வெள்ளியோ 1-எம்.சி.பி.யோ கொடுத்து அவற்றின் ஆயுளைப் பெரிதாக நீட்ட முடியாது. எத்திலீன் வழியே போகாத ஒரு பிடி கிடைத்தால் அந்தப் பூக்களுக்கும் வழி பிறக்கும். மரபணு மாற்றம்தான் வழியா என்றால் எனக்குச் சந்தேகம். கார்னேஷனில் எத்திலீன் உற்பத்தியை அடக்கி ஆயுளை நீட்டிய வேலை 1995-லேயே ஆஸ்திரேலியாவில் நடந்துவிட்டது. பெட்டூனியாவில் எத்திலீனையே உணராதபடி மாற்றியபோது பூ நீண்ட நாள் நின்றது, ஆனால் அந்தச் செடியின் துண்டுகள் சரியாக வேர் விடவில்லை. வேர் விடாத செடியை வைத்து நாற்றுக்காரர் என்ன செய்வார்? இதழில் மட்டும் வேலை செய்யும் மருந்து கிடைத்தால் அதுவே நல்லது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஆஸ்பிரின் போட்டால் பெரிய பலன் தெரியவில்லை. செம்பு நாணயம் கரைந்து கிருமியைக் கொல்லும் என்பார்கள். கொல்லும் அளவுக்கு அது கரைவதில்லை. எலுமிச்சைச் சுவை கொண்ட சோடாவில் ஒரு நியாயம் இருக்கிறது, சர்க்கரையும் அமிலமும் அதில் உண்டு. கிருமிநாசினி மட்டும் இல்லை. அதனால் சோடாவை மட்டும் ஊற்றினால் மேலே சொன்ன, காவலாளியை வீட்டுக்கு அனுப்பிய கதைதான். வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கடைசியாகத் துணி வெளுக்கும் பிளீச் ஒரு தேக்கரண்டி. வரிசை முக்கியம். பிளீச்சும் எலுமிச்சைச் சாறும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். தண்ணீரில் நன்றாக நீர்த்த பிறகுதான் இரண்டும் சந்திக்க வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த கரைசல், அளந்து போட்ட பொட்டலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். பொட்டலம் இல்லாத நாளில் கைகொடுக்கும்.

ஜெர்பரா எப்படி என்றால், அதன் காம்பு உள்ளே பொள்ளலாகவும் வெளியே ரோமமாகவும் இருப்பதால் பாக்டீரியாவுக்குச் சொந்த வீடு மாதிரி. அதற்குச் சர்க்கரையைவிடக் குளோரின்தான் முக்கியம். தண்ணீரும் ஜாடியின் அடியில் கொஞ்சமாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஃப்ளூரைடு இருந்தால் ஜெர்பராவும் கிளாடியோலஸும் இதழ் ஓரம் கருகிக் காட்டும். ஃப்ளூரைடு அதிகம் உள்ள நிலத்தடி நீர் வீட்டில் வருகிறதென்றால் வடிகட்டிய நீரையே வையுங்கள். டாஃபோடிலை மற்ற பூக்களோடு ஒரே ஜாடியில் வைக்காதீர்கள். அதன் காம்பு கசியும் வழவழப்பு ரோஜாவின் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்க்கும், அதில் உள்ள ஆல்கலாய்டு துலிப்பைத் தாக்கும். ஆர்க்கிட்டைத் துடைக்கும்போது நடுவில் மகரந்தத்தை மூடியிருக்கும் சின்னத் தொப்பியைத் தட்டிவிடாதீர்கள். அது கழன்றால் பூ 'மகரந்தச் சேர்க்கை முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு எத்திலீன் விட்டு மடங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியிலும் ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டையும் ரோஜாவோடு சேர்த்து வைக்கக்கூடாது. ரோஜாவுக்கு இதமான குளிர் இவற்றைக் கறுக்க வைக்கும்.

கிழங்குப் பூக்களுக்கென்றே தனிப் பொட்டலம் ஒன்று வருகிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. துலிப், லில்லி, ஆல்ஸ்ட்ரோமீரியா ஆகியவற்றில் பூ நன்றாக இருக்கும்போதே இலை மஞ்சளாகிக் கட்டின் அழகைக் கெடுக்கும். அந்தப் பொட்டலத்தில் சர்க்கரை குறைவு, இலையைப் பச்சையாக வைக்கும் வளர்ச்சி ஹார்மோன் உண்டு. ஆல்ஸ்ட்ரோமீரியாவில் வைத்துப் பார்த்தேன். இலை பச்சையாக நின்றது, அதில் சந்தேகமே இல்லை. பருத்தி இலையை உதிர்ப்பதற்காக முதலில் வந்த தைடையஸுரான் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் ஆல்ஸ்ட்ரோமீரியா இலை மஞ்சளாவது நிற்கிறது என்று டேவிஸில் மைக்கேல் ரீட் இருந்த குழு 2002-இல் காட்டியது. ஒரு செடியின் இலையைக் கொட்ட வைப்பது இன்னொரு செடியின் இலையைக் காப்பாற்றுகிறது. அளவும் செடியும் மாறினால் மருந்தின் குணமே மாறிவிடும் போலிருக்கிறது. சாமந்திக்கும் முதலில் போவது இலைதான். சாதாரணப் பொட்டலம் அதற்குப் பெரிதாக உதவாததன் காரணம் இதில் பாதி.

தயாரிப்பாளர்களிடம் கேட்க எனக்கு மூன்று விஷயம் உண்டு. தண்ணீரின் அளவை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இப்போது பின்பக்கம் கறுப்புக் காகிதத்தில் சாம்பல் எழுத்தில் இருப்பதைப் படிக்க எனக்கு உருப்பெருக்கி தேவைப்பட்டது. எந்தப் பூவுக்கு, எந்தப் பூவுக்கு இல்லை என்று எழுதுங்கள். 'எல்லாப் பூவுக்கும்' என்பது பொய். தூளை விடத் திரவக் குப்பி தேவலை. ஈரக்காற்றில் தூள் கட்டி பிடித்துவிடுகிறது, கட்டியின் ஒரு மூலையில் கிருமிநாசினி, இன்னொரு மூலையில் சர்க்கரை என்று பிரிந்து கிடந்தால் பாதி போட்டு மீதியை எடுத்து வைக்க முடியாது. திரவத்தைச் சொட்டுக்குழாயில் அளந்து விடலாம். எங்கள் வீட்டில் இப்போது ரோஜாவுக்குத் திரவம், ஜெர்பராவுக்குக் குளோரின் மாத்திரை, ஆல்ஸ்ட்ரோமீரியாவுக்குக் கிழங்குப் பொட்டலம். ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கும் என்று அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று மனைவி இரண்டு ஜாடிகளை வேலைக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார்.